கம்பிக்குள் ஓடும் கணக்கு

மூணாறு மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். மார்கழி மாதம். விடியவில்லை. குளிர் எலும்பைத் துளைத்தது. புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது.

லயத்து வீடு ஒன்றில் விளக்கு எரிந்தது. மருமகள் கொழுந்து பறிக்கப் போக வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். குளிக்க வெந்நீர் வேண்டும். விறகோ ஈரம்.

மகன் தண்ணீர் சுடவைக்கும் மின் கம்பி ஒன்றை வாங்கி வந்திருந்தான். கம்பியை வாளித் தண்ணீரில் விட்டான். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் பிளக்கைச் செருகினான். அதே பெட்டியில்தான் டி.வி. பிளக்கும் இருந்தது. செல்போன் சார்ஜரும் இருந்தது.

கொஞ்ச நேரம் போனது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. 'டப்' என்று பியூஸ் போனது. வீடு இருட்டானது.

மூன்று நாளில் இது மூன்றாவது தடவை. மகனுக்குக் கோபம் வந்தது.

"இந்தப் பியூஸ் கம்பி ரொம்ப மெல்லிசு. ரெட்டையா முறுக்கிக் கட்டிடறேன். அப்புறம் எப்படிப் போகுதுன்னு பார்ப்போம்" என்றான்.

அம்மா எழுந்து வந்தார்.

"இரு ராசா. எதையும் தொடாத. முதல்ல மெயினை அணை" என்றார்.

அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தவர். வயதான பிறகுதான் தொடர்கல்வி மையத்துக்குப் போனார். எழுத்தும் எண்ணும் கற்றார். இப்போது எதைக் கண்டாலும் வாசித்துப் பார்ப்பார்.

டார்ச் விளக்கை அடித்தார். மின் கம்பியின் பிடியைப் பார்த்தார். அதில் 1500 என்று இருந்தது. எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பார்த்தார். அதில் 6 என்று இருந்தது. இரண்டிலும் 230 என்றும் இருந்தது.

"இத்தனை எண்ணைச் சும்மாவா போட்டிருப்பான்? இதுல ஏதோ கணக்கு இருக்கு. வயர்மேன் தம்பி வரட்டும். கேட்போம்" என்றார்.

மேட்டுத் தொட்டியும் ஓசும்

காலையில் எஸ்டேட் வயர்மேன் வந்தார். பெட்டியைக் கழற்றினார். பிளக் செருகும் இடம் கறுத்திருந்தது. பிளாஸ்டிக் இளகி வளைந்திருந்தது.

"நல்ல வேளை அம்மா. பியூஸ் போச்சு. வீடு தப்பிச்சது" என்றார்.

"தம்பி, இந்த எண் எல்லாம் என்ன? எனக்குப் புரியும்படி சொல்லுங்க" என்று அம்மா கேட்டார்.

வயர்மேன் வெளியே கை காட்டினார். மேட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதிலிருந்து ஓஸ் வழியாக லயத்துக்குத் தண்ணீர் வருகிறது.

"தொட்டி உயரத்துல இருக்கு. அதனால தண்ணி வேகமாத் தள்ளிக்கிட்டு வருது. கரண்டுக்கும் அப்படி ஒரு தள்ளு இருக்கு. அதை வோல்ட்னு அளக்கிறோம். வீட்டுக் கரண்டுக்கு 230 வோல்ட்."

"சரி."

"ஓஸ்ல எவ்வளவு தண்ணி ஓடுதுன்னு பார்க்கிறோம் இல்லையா? அதுபோல, கம்பியில எவ்வளவு கரண்ட் ஓடுதுங்கிறதை ஆம்பியர்னு அளக்கிறோம்."

"ஓஸ்ல குப்பை அடைச்சா?"

"தண்ணி குறையும். சின்ன ஓசா இருந்தாலும் குறையும். கரண்டைத் தடுக்கிறதும் அப்படித்தான். அதுக்குப் பேரு மின்தடை. அதை ஓம்னு அளக்கிறோம்."

"அப்ப 1500?"

"அது வாட். இந்தக் கம்பி எவ்வளவு வேகமாகக் கரண்டைச் சூடா மாத்துதுங்கிற அளவு. அதுக்குப் பேரு மின்திறன்."

மூன்று கணக்குகள்

வயர்மேன் கரித்துண்டை எடுத்தார். சிமெண்டுத் தரையில் எழுதினார்.

வோல்ட் ÷ ஆம்பியர் = ஓம்
வோல்ட் × ஆம்பியர் = வாட்
வாட் ÷ வோல்ட் = ஆம்பியர்

கூட்டல், கழித்தல்கூட இதில் இல்லை. பெருக்கல் உண்டு. வகுத்தல் உண்டு. அவ்வளவுதான்.

"இப்ப நீங்களே போடுங்கம்மா. இந்தக் கம்பி எத்தனை ஆம்பியர் இழுக்கும்?"

அம்மா மூன்றாவது கணக்கைப் போட்டார். 1500ஐ 230ஆல் வகுத்தார். ஆறு தடவை போனது. மீதி 120 வந்தது. மீதி 230இல் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

"ஆறரை வருது தம்பி."

"பெட்டியில என்ன எழுதியிருக்கு?"

"ஆறு."

அம்மா நிமிர்ந்து மகனைப் பார்த்தார். மகன் தலையைச் சொறிந்தான்.

"அரை ஆம்பியர்தானே கூட?" என்றான்.

"கம்பி மட்டும் ஆறரை. அதே பெட்டியில டி.வி. இருக்கு. சார்ஜர் இருக்கு. எல்லாத்தையும் கூட்டணும். அது மட்டும் இல்ல. இது பழைய பெட்டி. உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்துபோச்சு. ஆபத்து அங்கேதான்" என்றார் வயர்மேன்.

கம்பியின் மின்தடையையும் அம்மா கணக்கிட்டார். 230ஐ ஆறரையால் வகுத்தால் ஏறக்குறைய 35. ஆகவே அந்தக் கம்பியின் மின்தடை ஏறக்குறைய 35 ஓம்.

சூடு எங்கே பிறக்கிறது?

கரண்ட் ஓடும் வழியில் தடை எங்கே இருக்கிறதோ அங்கே சூடு பிறக்கும். தண்ணீர்க் கம்பிக்குள் 35 ஓம் தடை இருக்கிறது. அதனால் அங்கே நிறையச் சூடு. அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. அது நமக்கு வேண்டிய சூடு.

பிளக் இறுக்கமாக இருந்தால் அந்த இடத்தில் தடை மிகக் குறைவு. பிளக் தளர்ந்தால் தடை கூடும். பித்தளையில் களிம்பு பிடித்தாலும் தடை கூடும். அங்கே வேண்டாத சூடு பிறக்கும்.

அந்தச் சூட்டுக்கும் கணக்கு உண்டு.

ஆம்பியர் × ஆம்பியர் × ஓம் = வாட்

தளர்ந்த பிளக்கில் 1 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 6 ஆம்பியர் ஓடுகிறது.

6 × 6 × 1 = 36 வாட்.

36 வாட் சின்னது என்று தோன்றும். ஆனால் ரேடியோ ரிப்பேர்க் கடையில் இருக்கும் சால்டரிங் அயர்னைப் பாருங்கள். அதில் 25 வாட் உள்ளதும் உண்டு. அந்தச் சூட்டிலேயே ஈயப் பற்று உருகிவிடும். 36 வாட் சூடு ஒரு சின்னப் பிளக்குக்குள் பிறந்தால் பிளாஸ்டிக் என்ன ஆகும்? இளகும். கருகும். பக்கத்தில் துணியோ காகிதமோ இருந்தால் தீப்பிடிக்கும்.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆம்பியர் இரண்டு மடங்கு ஆனால் சூடு இரண்டு மடங்கு ஆகாது. நான்கு மடங்கு ஆகும். 3 ஆம்பியர் ஓடினால் 3 × 3 × 1 = 9 வாட். 6 ஆம்பியர் ஓடினால் 36 வாட். அதனால்தான் ஒரே பெட்டியில் பல பிளக்குகளைச் செருகக் கூடாது.

பியூஸ் ஒரு காவல்காரன்

"அப்ப பியூஸ் கம்பியை ரெட்டையாக் கட்டினா?" என்று மருமகள் கேட்டார்.

பியூஸ் கம்பி மெல்லியது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் அது முதலில் உருகும். வழி அறுந்துபோகும். சுவருக்குள் ஓடும் கம்பி பிழைக்கும்.

பியூஸ் கம்பியை இரட்டையாக்கினால் அது சீக்கிரம் உருகாது. சுவருக்குள் இருக்கும் கம்பி முதலில் சூடாகும். அதன் மேல் உள்ள பிளாஸ்டிக் உறை கருகும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தீப்பிடிக்கும். லயத்தில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. ஒரு வீட்டில் பிடித்த தீ ஒரு வீட்டோடு நிற்காது.

"மூணு நாளா பியூஸ் உன்னை எச்சரிச்சிருக்கு ராசா. நீ அதோட வாயைக் கட்டப் பார்த்த" என்றார் அம்மா.

புதிய வீடுகளில் பியூஸுக்குப் பதிலாகத் தானாக விழும் சுவிட்ச் இருக்கிறது. அது 'டிரிப்' ஆனால் காரணம் தெரியாமல் மறுபடி மறுபடி போடக் கூடாது. எதனால் விழுந்தது என்று பார்க்க வேண்டும்.

வயர்மேன் ஒரு வழி சொன்னார். 16 ஆம்பியர் தாங்கும் பெரிய பிளக் வைக்க வேண்டும். அதற்குத் தடித்த தனிக் கம்பி இழுக்க வேண்டும். எர்த் இணைப்பும் கொடுக்க வேண்டும். எஸ்டேட் ஆபீசில் சொல்லி, உரிமம் உள்ளவர்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். அதுவரை வெந்நீர் விறகடுப்பில்தான்.

பூட்டுக்காரர் மகன்

'ஓம்' என்பது ஒரு மனிதரின் பெயர். அவர் ஜார்ஜ் சைமன் ஓம். 1789இல் ஜெர்மனியில் எர்லாங்கன் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை பூட்டுச் செய்யும் தொழிலாளி. தந்தை முறையாகப் பள்ளியில் படித்தவர் அல்லர். தாமாகவே படித்து அறிவை வளர்த்துக்கொண்டார். தம் மகன்களுக்குத் தாமே கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தார்.

மகன் பள்ளி ஆசிரியர் ஆனார். கம்பிகளை வைத்துச் சோதனை செய்தார். கருவிகளைத் தாமே செய்துகொண்டார். வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றுக்கும் உள்ள உறவைக் கண்டார். 1827இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். முதலில் பலர் அதை மதிக்கவில்லை. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குப் பதக்கம் கொடுத்தது.

வோல்ட், ஆம்பியர், வாட் என்பவையும் மனிதர்களின் பெயர்களிலிருந்து வந்தவையே. வோல்டா இத்தாலி நாட்டவர். ஆம்பியர் பிரான்ஸ் நாட்டவர். ஜேம்ஸ் வாட் ஸ்காட்லாந்து நாட்டவர்.

மலையிலிருந்து வரும் கரண்ட்

இந்த வீட்டுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? அதற்கும் இந்த மலைக்கும் பழைய உறவு உண்டு.

மூணாறுக்குப் பக்கத்தில் இருக்கிறது பள்ளிவாசல். அங்கே 1940இல் முதிரப்புழை ஆற்றுத் தண்ணீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். இன்றைய கேரளத்தில் அரசு அமைத்த முதல் நீர்மின் நிலையம் அதுவே. பிறகு பெரியாற்றில் இடுக்கி அணை எழுந்தது. குறவன், குறத்தி என்னும் இரண்டு மலைகளுக்கு நடுவே வில் போல வளைந்து நிற்கும் அணை அது. அதன் தண்ணீர் மூலமற்றத்துக்குப் போகிறது. அங்கே மலையைக் குடைந்து பூமிக்கு அடியில் மின் நிலையம் கட்டியிருக்கிறார்கள். 1976இல் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் முழுத் திறன் 780 மெகாவாட். ஒரு மெகாவாட் என்றால் 10 லட்சம் வாட்.

மூலமற்றத்திலிருந்து உயரமான கோபுரங்கள் வழியே கரண்ட் வெளியே போகிறது. அந்தக் கம்பிகளில் 2,20,000 வோல்ட். வீட்டுக்கு 230 வோல்ட் போதும். பிறகு ஏன் அங்கே இத்தனை வோல்ட்?

இதற்கும் அதே கணக்குத்தான். 22,00,000 வாட் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

220 வோல்ட்டில் அனுப்பினால்: 22,00,000 ÷ 220 = 10,000 ஆம்பியர்.
2,20,000 வோல்ட்டில் அனுப்பினால்: 22,00,000 ÷ 2,20,000 = 10 ஆம்பியர்.

ஆம்பியர் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகிறது. அதே கம்பியில் வீணாகும் சூடோ பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஆகிறது. (கணக்கு எளிதாக இருக்க ஒரே ஜோடிக் கம்பியை வைத்துச் சொல்லப்பட்டது.) வழியில் கரண்ட் வீணாகாமல் தூர ஊருக்குப் போகிறது. ஊருக்கு வந்ததும் டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கிறது.

கொழிஞ்சாம்பாறையில் நடந்தது

அம்மாவின் மகளைப் பாலக்காடு மாவட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தமிழ்நாட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அங்கே மழை குறைவு. தென்னைக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். மோட்டார் ஓடினால்தான் தோப்பு பிழைக்கும்.

பாலக்காடு மாவட்டம் முழுவதும் மின்சாரம் பெற்ற மாவட்டம் என்று 2010இல் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் டிரான்ஸ்பார்மரிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் வீட்டுக்கு வோல்ட் குறையலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டாலும் குறையும்.

அன்று இரவு மகள் போனில் பேசினாள்.

"அம்மா, இங்க நீ சொன்ன மாதிரி வெந்நீர்க் கம்பி போட்டா தண்ணி சுடவே மாட்டேங்குது. மோட்டார் வேற சூடாகி நின்னுபோச்சு."

அம்மாவுக்கு முதல் விஷயம் உடனே புரிந்தது. கணக்குப் போட்டார். அங்கே வோல்ட் 184ஆகக் குறைந்திருந்தது. கம்பி அதே மாதிரிக் கம்பி. தடை 35 ஓம்.

184 ÷ 35 = ஏறக்குறைய ஐந்தேகால் ஆம்பியர்.
184 × ஐந்தேகால் = 966 வாட்.

1500 வாட் கம்பி 966 வாட்தான் வேலை செய்கிறது. தண்ணீர் எப்படிச் சீக்கிரம் சுடும்?

மோட்டார் விஷயம் புரியவில்லை. மறுநாள் வயர்மேனைக் கேட்டார்.

"மோட்டாருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாதும்மா" என்றார் அவர். வெந்நீர்க் கம்பிக்கு வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் குறையும். ஓடுகிற மோட்டாருக்கு அப்படி இல்லை. கிணற்றிலிருந்து தண்ணீரைத் தூக்கும் பாரம் குறைவதில்லை. அந்தப் பாரத்தைத் தூக்க மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் இழுத்த மோட்டார் 12 இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 × 10 = 100. 12 × 12 = 144. காயிலில் சூடு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இப்படியே ஓடினால் காயில் எரிந்துபோகும்.

மோட்டார் தானாக நின்றது ஏன்? ஸ்டார்ட்டரில் உள்ள காவல் பகுதி அதை நிறுத்தியது. பியூஸ் போல அதுவும் ஒரு காவல்காரன்.

அம்மா மகளுக்குப் போன் செய்தார்.

"மாப்பிள்ளைகிட்டச் சொல்லு. ஸ்டார்ட்டரைக் கட்டிப் போட வேண்டாம். மோட்டார் தகட்டுல எத்தனை வோல்ட்னு எழுதியிருக்கும். வாசிங்க. பலகையில இருக்கிற மீட்டரையும் வாசிங்க. ரொம்பக் குறைஞ்சிருந்தா மோட்டாரைப் போடாதீங்க. கரண்ட் ஆபீஸ்ல வோல்ட் எத்தனைன்னு எண்ணோட எழுதிக் கொடுங்க. 'கரண்ட் சரியில்லை'ன்னு மட்டும் சொல்லாதீங்க."

"எண்ணோட எழுதிக் கொடுத்தா கேட்பாங்களா அம்மா?"

"வெறும் பேச்சைத் தள்ளிவிடலாம். எழுதின எண்ணை அவ்வளவு சுலபமாத் தள்ள முடியாது."

அடுத்த மாதம் லயத்து வீட்டில் பெரிய பிளக் வந்தது. தனிக் கம்பி வந்தது. மகன் முதலில் கம்பியை வாளித் தண்ணீரில் விட்டான். பிறகு சுவிட்சைப் போட்டான். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னான். தண்ணீர் சுட்டதும் சுவிட்சை அணைத்தான். பிளக்கைக் கழற்றினான். அதன் பிறகுதான் தண்ணீரைத் தொட்டான்.

தரையில் கரியால் எழுதிய மூன்று கணக்கும் அழிந்துவிட்டன. அம்மா அவற்றைச் சுவரில் சாக்குக்கட்டியால் மறுபடி எழுதினார். மின் பெட்டிக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி எழுதினார்.

நினைவில் வையுங்கள்

1. எந்தக் கருவி வாங்கினாலும் அதில் எழுதிய வாட்டை வாசியுங்கள். 230ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும்.
2. 6 ஆம்பியர் பிளக் தாங்குவது: 230 × 6 = 1380 வாட். அதற்கு மேல் வேண்டாம்.
3. பிளக் சுட்டால், கறுத்தால், நாற்றம் வந்தால் உடனே மெயினை அணையுங்கள்.
4. பியூஸ் கம்பியை இரட்டையாகக் கட்டாதீர்கள். வேறு கம்பியும் போடாதீர்கள்.
5. ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள்.
6. கரண்டில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள்.

போட்டுப் பாருங்கள்

1. ஓர் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கிறது. அதன் மின்தடை எவ்வளவு? மின்திறன் எவ்வளவு?
2. ஓர் அடுப்பில் 2300 வாட் என்று இருக்கிறது. அது எத்தனை ஆம்பியர் இழுக்கும்? அதை 6 ஆம்பியர் பிளக்கில் செருகலாமா?
3. 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 1500 வாட் கம்பியைத் தினமும் அரை மணி நேரம் போட்டால் 30 நாளில் எத்தனை யூனிட்?
4. உங்கள் வீட்டில் உள்ள மூன்று கருவிகளின் வாட்டை வாசித்து எழுதுங்கள். ஒவ்வொன்றும் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று கணக்கிடுங்கள்.

விடைகள்: 1. 46 ஓம், 1150 வாட். 2. 10 ஆம்பியர், செருகக் கூடாது. 3. இருபத்திரண்டரை யூனிட்.